அரிசி டிரம்முக்குள் ஒரு பிரெஞ்சு பாட்டில்

எங்கள் ஊரில் ஒயின்ஷாப் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அங்கே பிராந்தி கிடைக்கும், பீர் கிடைக்கும், சாயங்காலமானால் சண்டையும் கிடைக்கும். ஒயின் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரை மட்டும் நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட செஞ்சியில், கத்தரி வெயிலில், ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை நான், துண்டில் சுற்றிய பிரெஞ்சு ஒயின் பாட்டில் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடந்தேன். நாங்கள் ஜைனர்கள். தேன்கூட வாங்காத வீடு. இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு. எதிரே வந்தவர்களெல்லாம் என் கக்கத்தையே பார்ப்பதுபோல் இருந்தது. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விறைப்பாக நடந்தேன்.  

அது அண்ணன் விளைவித்த ஒயின். அண்ணன் செத்து அப்போது எட்டாவது மாதம். அம்மாவுக்கு அது தெரியாது. நான்தான் சொல்லவில்லை.

அண்ணன் எனக்கு இரண்டு வயது மூத்தவன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் கட்டி, அவளோடு பிரான்சுக்குப் போனான். கல்யாணம் நாலு வருஷம்கூட நிற்கவில்லை. அவள் போய்விட்டாள், இவன் திரும்பவில்லை. எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டான். பல தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற தோட்டம், சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. அந்தச் செய்தி வந்த அன்று நைனா சாப்பிடவில்லை. மது சம்பந்தப்பட்ட தொழில் எங்கள் சமயத்தில் தொடவே கூடாதது. சாராயம் காய்ச்சுகிறவன் தனக்குப் பிள்ளை இல்லை என்று ஒரே வார்த்தை சொன்னார். சொன்னது சொன்னதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சாகும்வரை அவனிடம் பேசவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? நைனா காரியத்துக்கு வர முடியவில்லை என்று அவன் போனில் சொன்னபோது, குடிகாரனுக்கு அப்பன் எதற்கு என்று கத்தினேன். இல்லை என்று அவன் மறுக்கவில்லை, நான் போனை வைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து வலது காதில் கத்தினால் கேட்கும், போன் கேட்காது. கண்ணில் புரை, போன் எழுத்தும் தெரியாது. அதனால் கடைசி இரண்டு வருஷமாக அண்ணன் தமிழில் டைப் அடித்து என் போனுக்கு அனுப்புவான். ஆபீஸ் விட்டு வந்ததும் நான் அம்மா காதோரம் உட்கார்ந்து படிப்பேன். படிப்பதாவது, கத்துவேன். தெருவுக்கே கேட்கும். அவன் எழுதுவதெல்லாம் மலையைப் பற்றித்தான். மேல்சரிவில் சுவர் சரிந்துவிட்டது, கல் அடுக்கினேன். இலை பழுக்க ஆரம்பித்துவிட்டது. இங்கேயும் நம்ம கோட்டை மலை மாதிரியே பாறை, மத்தியானம் தொட்டால் சுடுகிறது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவாள். எதிர்வீட்டுக்காரி வேறு வாசலில் நின்றபடி, எங்கிருந்தாலும் பெத்தவளை மறக்காத பிள்ளை என்று மெச்சுவாள். கூடவே கிடந்து மாத்திரை வாங்கி, வெந்நீர் வைத்து, துணி துவைக்கிற எனக்கு அந்தப் பேரை யாரும் கொடுத்ததில்லை. எரிச்சல் வரும். வந்தால் அடக்குகிற ஆளும் நான் இல்லை. தலையை ஆட்டினது போதும், எழுந்து வந்து சாப்பிடு என்பேன். சாப்பிட்டாயா என்று கேட்கிற பழக்கமே எனக்குக் கிடையாது, சாப்பிடு என்று அதட்டத்தான் தெரியும்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. நான் பத்திர எழுத்தர். செவ்வாய்க்கிழமை சொத்து எழுத யாரும் வரமாட்டார்கள், அதனால் மத்தியானமே வீட்டுக்கு வந்திருந்தேன். பேசியவர் பாண்டிச்சேரிக்காரர். தோட்டத்துக்குப் பக்கத்து ஊரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அண்ணனுக்கு அங்கே இருந்த ஒரே தமிழ் சிநேகிதர். அறுவடை முடிந்து எல்லோரும் கீழே இறங்கின பிறகும் அண்ணன் மட்டும் மேல்சரிவுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். கூப்பிடப் போனவர்கள் தூங்குகிறான் என்று நினைத்தார்களாம். எரிக்கவா, புதைக்கவா என்று தோட்டத்துக் குடும்பம் கேட்கச் சொல்லியிருந்தது. எரிக்கச் சொன்னேன். சாம்பலை அனுப்பட்டுமா என்றார். வீட்டுக்குள் அதை எங்கே ஒளித்துவைப்பேன்? வேண்டாம் என்றேன். அப்படியானால் மேல்சரிவிலேயே தூவிவிடுகிறோம் என்றார்கள். செய்யுங்கள் என்றேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவள் முகத்தைத் தூக்கி, அண்ணன் இன்னா எழுதியிருக்கான் என்றாள். நான் போனைத் திறந்தேன். அறுவடை முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று படித்தேன். போனில் எழுத்து ஒன்றும் இல்லை. அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதே கேள்வி வந்தது.

முப்பது வருஷமாக அடுத்தவர் வாயால் எழுதிச் சாப்பிடுகிறவள் நான். 'சுயபுத்தியுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி, நானே மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது எழுதிக் கொடுக்கிறேன். அண்ணன் வாயால் பேசுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. முதல் மாதம் யோசித்து யோசித்துச் சொன்னேன். மார்கழிக்குள் யோசிக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. வெறும் போனைப் பார்த்தால் போதும், வார்த்தை தானாக வந்தது. மலை வந்தது, பனி வந்தது, கொடி வெட்டுகிற கத்தரி வந்தது. நடுநடுவே வாய்க்கு வந்த விசாரிப்பும் ரெண்டு சேர்ந்துகொண்டது. ஒரு நாள் ஆபீஸில் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போது, அண்ணனிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லையே என்று போனை எடுத்துப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த வல்லத்துக்காரர், இன்னாம்மா ஒடம்பு சரியில்லையா என்று கேட்டு எனக்குத் தண்ணீர் வாங்கிக்கொடுத்தார்.

எங்கள் சமயத்தில் ஆவி என்று ஒன்று அலைவதில்லை. உயிர் ஓர் உடம்பை விட்டதும் காத்திருக்காது. அடுத்த கணமே எந்த வயிற்றிலோ போய்த் தங்கிவிடும். அதனால்தான் நாங்கள் திதி கொடுப்பதில்லை, படையல் போடுவதில்லை. வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள், சாயங்காலம் ஐந்து மணியானால் என் தொண்டையில் இன்னொருத்தன் வந்து உட்காருவதை யாரிடம் போய்ச் சொல்வேன்? எங்கள் மடம் உள்ள மேல்சித்தாமூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடமா? சொன்னால் முதல் கேள்வி, பெத்தவளிடம் ஏன் மறைத்தாய் என்பதாகத்தான் இருக்கும்.

பங்குனியில் ஒரு நாள் என் வாயில் இப்படி வந்தது: மேல்சரிவில் ஆலங்கட்டி மழை, துளிரெல்லாம் போய்விட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் ஆலங்கட்டி மழையை நினைக்கவே இல்லை. அம்மா மட்டும், அடப்பாவமே, துளிரா என்று உச்சுக் கொட்டினாள்.

வைகாசியில் பாண்டிச்சேரிக்காரர் ஊருக்கு வந்தார். வீட்டுக்கு வரவேண்டாம், அம்மா இருக்கிறாள் என்று சொல்லி பஸ் ஸ்டாண்டிலேயே அவரைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிலைக் கொடுத்தார். கூடவே தோட்டத்துச் சொந்தக்காரக் கிழவர் எழுதிய கடிதம். பிரெஞ்சு எழுத்தின் பின்பக்கத்தில் பாண்டிச்சேரிக்காரரே அதைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த பெஞ்சிலேயே படித்தேன். படித்திருக்கக் கூடாது.

இருபது வருஷத்துக்கு மேலாக மேல்சரிவு முழுவதும் உங்கள் அண்ணன் பொறுப்பு என்று கிழவர் எழுதியிருந்தார். இந்தப் பாட்டில் நாலு வருஷத்துக்கு முந்தைய அறுவடை, அந்தச் சரிவின் பழம் மட்டும். அறுவடை முடிந்த அன்று இரவு விருந்தில் எல்லோரும் குடிக்கும்போது அவர் தண்ணீர் குடிப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு நாக்கில் பட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் பீப்பாயைத் திறந்து மூக்கை வைத்தால், இது தயார், இது இன்னும் ஆறு மாதம் என்று சொல்லிவிடுவார். ருசி பார்த்துச் சொல்கிற என் மகன்கள் தப்பு செய்திருக்கிறார்கள், அவர் செய்ததில்லை. பாட்டிலின் பின்பக்கத்தில் அவர் பெயரையும் போட்டிருக்கிறோம். இன்னும் பத்து வருஷமாவது இதைத் திறக்காதீர்கள். இருட்டில், குளிர்ச்சியில், படுக்கவைத்து வையுங்கள். கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்த வசந்தத்தில் ஆலங்கட்டி மழை பெய்து மேல்சரிவின் துளிரெல்லாம் போய்விட்டது, அவர் இருந்திருந்தால் அழுதிருப்பார்.

டீ ஆறிப்போனது. பாண்டிச்சேரிக்காரர் ஏதோ கேட்டார். மழை எந்த மாசம் என்று நான் திருப்பிக் கேட்டேன். மார்ச் கடைசியோ, ஏப்ரல் முதலோ என்றார். அதாவது பங்குனி. என் வாயில் அந்த வரி வந்த அதே மாசம். அதற்கும் மேல் இன்னொன்று உறுத்தியது. குடிகாரன் என்று நான் கத்தியபோது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன். ஏன் சொல்லவில்லை? நைனாவிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? செத்தவன்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

இருட்டு, குளிர்ச்சி, படுக்கை. வைகாசியில் செஞ்சியில் குளிர்ச்சிக்கு நான் எங்கே போவேன்? சுற்றிப் பாறை. பகலெல்லாம் காய்ந்து ராத்திரியெல்லாம் கக்குகிற பாறை. ஃபிரிட்ஜில் வைத்தால் அம்மா மோர் எடுக்கும்போது பார்த்துவிடுவாள். ஆபீஸில் வைத்தால் நாளைக்கே ஊர் சிரிக்கும். கடைசியில் அரிசி டிரம்தான் எனக்குத் தோன்றியது. அம்மாவால் குனிந்து அரிசி அள்ள முடியாது, நான்தான் அளந்து போடுவேன். அரிசிக்குள் குழி பறித்து, பாட்டிலைப் படுக்கவைத்து, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். மது பட்ட பாத்திரத்தைக்கூட உள்ளே விடாத வீட்டில், தினமும் உலையில் போடுகிற அரிசிக்கு நடுவில் ஒயின். எங்கள் ஆட்களில் இந்தக் கூத்தை வேறு எவளும் செய்திருக்க மாட்டாள். ஒவ்வொரு காலையும் படியை விடும்போது கை கண்ணாடியில் இடிக்கும். அண்ணன் அங்கேதான் படுத்திருக்கிறான் என்று தோன்றும். சீக்கிரம் அள்ளிக்கொண்டு மூடிவிடுவேன்.

ஆடி கடைசியில், ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்ததும் வாசனை. என்னவென்று சொல்வது? பழமும் இல்லை, சாராயமும் இல்லை. கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே தாம்பாளத்தில் பாட்டில். பக்கத்தில் பழைய பேப்பர்மேல் அரிசி பரப்பியிருந்தது, பாதி வெள்ளை, பாதி கத்தரிப்பூ நிறம். வெக்கையில் ஒயின் பொங்கிக் கார்க்கைப் பாதிக்குமேல் வெளியே தள்ளியிருக்கிறது, படுத்த வாக்கிலேயே கசிந்திருக்கிறது. காது போனால் என்ன, அம்மாவின் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. எண்பது வயதுக் கிழவி டிரம்மைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே இத்தனையையும் வாரி வெளியே போட்டிருக்கிறாள்.

பத்து வருஷம் வைக்கச் சொன்னதை இரண்டே மாதத்தில் நாசமாக்கிவிட்டேன் என்பதுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் பயம் வந்தது. என்ன பொய் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, அந்தத் தக்கையை எடு என்றாள். எடுத்தேன். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மோந்தாள். நாவப்பழம் என்றாள். மறுபடி மோந்து, மிளகு என்றாள். அப்புறம் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"அம்மா, அண்ணன்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழமை மத்தியானம் மூணு மணிக்கு எவடி தலைக்கு ஊத்திக்குவா? போன் பேசின, கெணத்தடிக்குப் போன, ஈரத் தலையோட எம் முன்னாடி வந்து நின்ன. காதுதான் கேக்காது. கண்ணு அவ்ளோ மோசம் இல்ல."

ஆமாம், குளித்தேன். கூடப்பிறந்தவன் சாவு காதில் விழுந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் எங்களால் இருக்க முடியாது. போனை வைத்ததும் கால் தானாகக் கிணற்றடிக்குப் போயிருக்கிறது. ஊற்றிக்கொண்ட ஞாபகம்கூட எனக்குச் சரியாக இல்லை. பத்து மாதம் பொய்யைக் கட்டிக் காத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நானே வாயைத் திறந்து சொல்லுவேன் என்று அன்றைக்கு அம்மா காத்திருந்தாளாம். அதற்காகத்தான் அண்ணன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாளாம். நான் படிக்க ஆரம்பித்ததும் புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். தினமும் கோயிலுக்குப் போகிறவளை, சாவுத் தீட்டு உள்ள பத்து நாளும் தீட்டோடு உள்ளே அனுப்பிவிட்டேனே, அந்தப் பாவம் என் தலையில் என்று நான் அத்தனை மாதம் உள்ளுக்குள் வெந்ததையும் சொன்னேன். அவள் உள்ளே போகவே இல்லையாம். பத்து நாளும் கோயில் வெளிவாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

பாண்டிச்சேரிக்காரர் வந்து போனதைச் சொல்லி, கடிதத்தை எடுத்துவந்து அவள் காதில் படித்தேன். நிஜமான எழுத்தைப் பார்த்துப் படித்து எத்தனையோ நாளாயிற்று. அவன் குடித்ததே இல்லை என்ற இடத்தில் நிறுத்தினேன். அது தெரியும் என்றாள். நைனாவிடம் நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கேட்டால்தானே என்றாள்.

மீதி ஒயினைக் கொட்டிவிடட்டுமா என்று எழுந்தேன். மண்ணில் கொட்டினால் எறும்பு சாகும் என்று தடுத்தாள். பாண்டிச்சேரிக்காரருக்கே கொடுத்துவிடலாம், குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள். அப்புறம் விரலை மடக்கி ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு மாசமாகச் சொல்லி எண்ணினாள். ஆடியில் பத்து முடிந்தது.

"இந்நேரம் எங்கியோ பொறந்திருப்பான். எவ மடியிலயோ பால் குடிச்சிக்கினு இருப்பான். நாம இங்க பழைய பேர சொல்லிக் கூப்ட்டுக்கினே இருந்தா அந்தக் கொழந்த தூங்குமா? போதும். இனிமே படிக்காத."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. துக்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் அதுதான் வரும். முதல் நாளே தெரிந்ததென்றால், பத்து மாசமாகத் தினமும் எதற்கு உட்கார்ந்து தலையை ஆட்டினாய், நான் தொண்டை கிழியக் கத்தியதை எதற்குக் கேட்டுக்கொண்டிருந்தாய், என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டாயே என்று அவள் காதில் கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும்.

அம்மா கோபப்படவில்லை.

"அவன் எழுதினா மலைதான் இருக்கும், மழைதான் இருக்கும். மத்தியானம் சாப்டியாம்மா, முட்டி வலிக்குதா, தனியா இருக்க பயமா இருக்குதான்னு ஒரு நாள் கேட்டவன் இல்ல. அவன் செத்தப்புறந்தான் அதெல்லாம் வந்துச்சி. நீதான் கேக்கறன்னு தெரியாதா எனக்கு? நேரா கேக்க ஒனக்கு வாய் வரல. அவன் பேர்ல வந்தாலும் சரின்னு கேட்டுக்கினு இருந்தேன்."

 வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா புடவையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அண்ணனுடைய அந்தக் குரல் வரவில்லை. இனி வராது என்று தெரிந்தது. என் குரல்தான் மிச்சம் இருந்தது, அதற்குப் பழக்கமானது ஒன்றே ஒன்றுதான்.

"பொழுது போவுது. எழுந்து கை கழுவு" என்றேன்.

அம்மா கையை நீட்டினாள், நான் தூக்கிவிட்டேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்கென்று காலையில் நான் மூடிவைத்துவிட்டுப் போன தட்டு அடுப்பங்கரையில் தொடாமல் மூடியபடியே இருந்தது.